கடல் கடந்து கற்ற மாணவர்



மேற்படிப்புக்காக வெளிநாடு சென்று திரும்பும் ஒருவரிடம், ‘என்ன பட்டம் பெற்றீர்கள்?’ என்றே நாம் கேட்கிறோம். அந்தப் பட்டத்துக்கு யார் யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்பதில்லை. இன்று அந்தக் கேள்வியோடு ஒரு மாணவரின் வரலாற்றைப் பார்ப்போம். இந்திய அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவராக உலகம் அறிந்த டாக்டர் அம்பேத்கரே அந்த மாணவர்.

அம்பேத்கர் 1912ஆம் ஆண்டு பம்பாயில் பி.ஏ. தேர்வில் தேறினார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தந்தையார் மறைந்தார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட குடும்பம் அது. வறுமையும் கூட இருந்தது. அப்போது பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அவருக்கு உபகாரச் சம்பளம் வழங்க முன்வந்தார். மாதம் பதினொன்றரை பவுன், மூன்றாண்டுக் காலம். படிப்பு முடிந்ததும் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். 1913 ஜூலையில், தமது 22ஆம் வயதில், அவர் நியூயார்க் நகரை அடைந்தார்.

கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அவர் கண்டது புதிய உலகம். மாணவர் விடுதியில் நாவல் பத்தேனா என்ற பார்சி இளைஞரோடு தங்கினார்; அந்த நட்பு வாழ்நாள் முழுவதும் நீடித்தது. மேலைநாடுகளில் வாழ்ந்த ஆண்டுகளில், தாம் தீண்டத்தகாதவர் என்ற நினைவே தம் மனத்திலிருந்து அகன்றுவிட்டதாக அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

கிடைத்த அந்த விடுதலையை அவர் எப்படிப் பயன்படுத்தினார்? பொருளியலில் மட்டும் 29 பாடங்கள், வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4 என்று பதிவு செய்துகொண்டு பயின்றார். பொருளியல் அறிஞர் செலிக்மன், தத்துவ அறிஞர் ஜான் டூயி போன்றோரிடம் பாடம் கேட்டார். பண்டைய இந்திய வாணிகம் பற்றி ஆய்வு எழுதி, 1915இல் முதுகலைப் பட்டம் பெற்றார். 1916 மே மாதத்தில், மானிடவியல் கருத்தரங்கு ஒன்றில், இந்தியாவில் சாதிகள் தோன்றிய முறை பற்றிக் கட்டுரை படித்தார். எந்தச் சாதி அவரை வகுப்பறையில் தனியே ஒதுக்கி உட்கார வைத்ததோ, அதனையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார். தொலைவில் நின்று பார்த்தால்தான் சில பொருள்களின் முழு வடிவம் தெரியும் அல்லவா?

தாம் மட்டும் படித்தால் போதும் என்றும் அவர் எண்ணவில்லை. நியூயார்க் சென்ற சில வாரங்களிலேயே, ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளையும் படிக்க வைத்தால் நம் முன்னேற்றம் விரைவாகும் என்று ஊரிலிருந்த ஒருவருக்குக் கடிதம் எழுதினார்.

நேயர்களே, அதே ஆண்டுகளில் பம்பாயில் அவருடைய மனைவி இராமாபாய், கைக்குழந்தையோடு, குறைந்த வருவாயில் குடும்பத்தை நடத்தினார். கணவர் தமது உபகாரச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அனுப்பிய தொகை போதவில்லை. கொலம்பியாவின் பட்டச் சான்றிதழில் அந்த அம்மையாரின் பெயர் இல்லை. ஆனால் அந்தப் பட்டத்துக்கான விலையில் அவர் கொடுத்த பங்கு சிறிதன்று.

1916இல் அம்பேத்கர் இலண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தார். சட்டமும் பயின்றார். படிப்பு முடியுமுன் உபகாரச் சம்பளத்தின் காலம் முடிந்துவிட்டது. நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்ற அனுமதியைப் பெற்றுக்கொண்டு, 1917இல் தாயகம் புறப்பட்டார். முதல் உலகப் போர் நடந்த காலம் அது. அவருடைய பெட்டிகளை ஏற்றி வந்த கப்பல் தாக்கப்பட்டுக் கடலில் மூழ்கியது.

ஒப்பந்தப்படி பரோடாவுக்கு வேலைக்குச் சென்றார். அமெரிக்காவின் முதுகலைப் பட்டம் பெற்ற அவருக்கு அந்த ஊரில் ஒரு வாடகை அறை கிடைக்கவில்லை! சாதியை மறைத்து ஒரு பார்சி விடுதியில் தங்கினார். சில நாட்களில் கையில் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து, மாலைக்குள் வெளியேறச் சொன்னது. பூங்கா ஒன்றில் அமர்ந்து, பம்பாய் செல்லும் இரவு இரயிலுக்காகக் காத்திருந்தார்.

அவர் அதோடு ஓயவில்லை. பம்பாய் சிடனம் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிப் பணம் சேர்த்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜா உதவினார். நண்பர் பத்தேனா ஐயாயிரம் ரூபாய் கடன் கொடுத்தார். 1920இல் மீண்டும் இலண்டன் சென்று, அரைவயிற்று உணவோடு நூலகங்களில் நாளெல்லாம் படித்தார். 1921இல் எம்.எஸ்சி. பட்டமும், 1923இல் ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வுக்கு டி.எஸ்சி. பட்டமும் பெற்றார். பாரிஸ்டராகவும் ஆனார்.

தோட்டப் பள்ளி ஆசிரியன் என்ற முறையில், பெற்றோருக்கும் மாணவருக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். பட்டம் எல்லாக் கதவுகளையும் திறந்துவிடாது. பரோடாவின் விடுதிக் கதவை அது திறக்கவில்லை. ஆனால் அந்தக் கதவு ஏன் மூடியிருக்கிறது என்று ஆராயவும், அதைத் திறக்கச் சட்டம் இயற்றவும் அந்தக் கல்வியே அவருக்குத் துணை நின்றது. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது.

நம் பிள்ளைகளும் கடல் கடந்து படிக்கச் செல்கிறார்கள். ஒரு மன்னரின் பணம், ஒரு நண்பரின் கடன், ஒரு மனைவியின் பட்டினி ஆகியவை சேர்ந்து வாங்கித் தந்த காலத்தை அந்த மாணவர் ஒரு நாளும் வீணாக்கவில்லை. பயணப் பெட்டியைக் கட்டும் பிள்ளைக்கு, வீட்டில் யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதையும் சொல்லி அனுப்புவோம்.