உயிரணுவின் உள்ளுறுப்புகளும் ராக்ஃபெல்லர் ஆய்வகமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே, உயிரணுவுக்குள் உட்கருவைத் தவிர வேறு சில உறுப்புகளும் இருப்பதற்கான அடையாளங்கள் ஆய்வாளர்களுக்குத் தென்பட்டிருந்தன. 1898இல் இத்தாலியின் பாவியா நகரில் கமில்லோ கோல்கை, ஆந்தையின் சிறுமூளை உயிரணுக்களில் வெள்ளி உப்பை ஏற்றியபோது கருமையாகத் துலங்கிய ஒரு வலையமைப்பை விவரித்தார். அதே ஆண்டில் ஜெர்மானியரான கார்ல் பெண்டா, நூல்போலவும் மணிபோலவும் காணப்பட்ட துகள்களுக்கு மைட்டோகாண்ட்ரியா என்று பெயரிட்டார். ஆனால் ஒளி நுண்ணோக்கியால் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐயாயிரத்தில் ஒரு பங்கைவிட நெருக்கமாக உள்ள இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட இயலாது என்பதாலும், பெரும்பாலும் உயிரணுவைக் கொன்று சாயமேற்றிய பிறகே இவற்றைக் காண முடிந்தது என்பதாலும், கண்ணுக்குத் தெரிவது உண்மையான உறுப்பா அல்லது சாயமும் வேதிப்பொருளும் உண்டாக்கிய வெறுந்தோற்றமா என்ற வழக்கு அரை நூற்றாண்டுக் காலம் தீராமலே இருந்தது. அதைத் தீர்த்து வைத்ததில் பெரும்பங்கு, நியூயார்க் நகரில் ஈஸ்ட் நதிக்கரையில் அமைந்த ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் ஆய்வகங்களுக்கு உரியது.

அங்கு வேலை தொடங்கியது உயிரணுவின் அமைப்பை அறிவதற்காக அன்று. பெய்டன் ரௌஸ் என்பவர் அதே நிறுவனத்தில் 1911இல், கோழிக்கு வரும் ஒருவகைப் புற்றுக்கட்டியை உயிரணு நீக்கிய வடிநீராலேயே மற்றொரு கோழிக்குத் தொற்ற வைக்கலாம் என்று காட்டியிருந்தார். அந்த நோய்க்காரணியைத் தனியே பிரித்தெடுக்கும் பணியை, 1929இல் பெல்ஜியத்திலிருந்து வந்து சேர்ந்த ஆல்பர்ட் கிளாட் மேற்கொண்டார். கட்டியின் திசுவை அரைத்து, அச்சாற்றை மையவிலக்குக் கருவியில், அதாவது குப்பிகளை மிகுவேகத்தில் சுழற்றி, எடை மிகுந்த துகள்கள் முதலிலும் எடை குறைந்தவை பின்னரும் அடியில் படியுமாறு செய்யும் பொறியில், இட்டுச் சுழற்றி அவர் பெற்ற நுண்துகள்கள், நோயற்ற கோழிக் கருவின் திசுவிலிருந்தும் அவ்வாறே கிடைத்தன. நோய்க்காரணியை மட்டுமே தேடியவர்கள் இதை மாசு என்று ஒதுக்கியிருக்கக்கூடும். கிளாட் அதையே தம் ஆய்வுப்பொருளாக ஏற்றுக்கொண்டதுதான் இவ்வரலாற்றின் திருப்பம் என்று கொள்ள வேண்டும். ஆர்.என்.ஏ. மிகுந்த அத்துகள்களுக்கு அவர் 1943இல் மைக்ரோசோம் என்று பெயரிட்டார்.

உயிரணுவை உடைத்தால் கிடைப்பது பொருளற்ற கூழே என்று அக்காலத்து உயிரணுவியலாளர் பலர் கருதினர். அவர்களுக்கு விடையாக அமைந்தது, சுழற்றிப் பிரித்த ஒவ்வொரு பகுதியையும் நிறுத்து, அதன் வேதிச்செயலை அளந்து, முழுத்திசுவின் அளவோடு கணக்குப் பார்த்த முறையாகும். உயிரணுச் சுவாசத்துக்கு இன்றியமையாத நொதிகள் பெரிய துகள்களிலேயே செறிந்துள்ளன என்பதை ஜார்ஜ் ஹோகிபூம், கிளாட், ரோலின் ஹாட்ச்கிஸ் ஆகியோர் 1946இல் காட்டினர். உப்புநீரில் அத்துகள்கள் ஊதி உருமாறின. 1948இல் ஹோகிபூம், வால்டர் ஷ்னைடர், ஜார்ஜ் பலாடே ஆகிய மூவரும் செறிந்த சர்க்கரைக் கரைசலைப் பயன்படுத்தியபோது அவை உயிரணுவுக்குள் இருந்த கோல்வடிவத்தோடே வெளிவந்து, மைட்டோகாண்ட்ரியாதான் என்பது ஐயமற விளங்கியது. உணவின் ஆற்றல் உயிரணுவுக்குப் பயன்படும் வடிவுக்கு மாற்றப்படும் இடம் எது என்ற கேள்விக்கு இவ்வாறு முகவரி கிடைத்தது.

பிரித்தறியும் கலைக்கு இணையாகக் காணும் கலையும் அதே கூரையின்கீழ் வளர்ந்தது. ஒளிக்குப் பதிலாக எலக்ட்ரான் கற்றையைக் கொண்டு உருவம் காட்டும் நுண்ணோக்கி அன்று ராக்ஃபெல்லரில் இல்லாமையால், அந்நகரிலேயே இருந்த இன்டர்கெமிக்கல் நிறுவனத்தின் கருவியை நாட வேண்டியிருந்தது. கனடாவில் பிறந்த கீத் போர்ட்டர், கோழிக் கருவின் உயிரணுக்களை மெல்லிய படலத்தின்மீது எலக்ட்ரான்கள் ஊடுருவும் அளவுக்கு விரிந்து படரும்படி வளர்த்தெடுத்தார். அவரும் கிளாடும் எர்னஸ்ட் ஃபுல்லமும் 1945இல் வெளியிட்ட படமே முழு உயிரணு ஒன்றின் முதல் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படமாகும். அதில் சரிகைப் பின்னல்போல் தெரிந்த அமைப்பே பின்னர் போர்ட்டரால் எண்டோபிளாச வலை என்று பெயரிடப்பட்டது. திசுவை மிக மெல்லிய சீவல்களாக வெட்டும் பொறியை 1953இல் போர்ட்டர் ஜோசப் புளூமுடன் சேர்ந்து வடிவமைத்தார். ருமேனியரான பலாடே, ஆஸ்மியம் டெட்ராக்சைடின் அமிலத்தன்மையைக் கட்டுப்படுத்தித் திசுவைச் சிதையாமல் நிலைப்படுத்தும் முறையை 1952இல் வகுத்தார். மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வு மடிப்புமடிப்பாக உள்நோக்கி நீண்டிருப்பது அதன்பின் தெளிவாகத் தெரிந்தது.

இரு கலைகளும் ஒன்றையொன்று சோதித்துக்கொண்டதுதான் இந்த ஆய்வகத்தின் தனிச்சிறப்பு. கிளாடின் மைக்ரோசோம்கள், அரைக்கும்போது துண்டுபட்டு மூடிக்கொண்ட எண்டோபிளாச வலையே என்பதைப் பலாடேயும் ஃபிலிப் சீக்கெவிட்சும் 1956இல் படத்தாலும் வேதியியலாலும் ஒருங்கே நிறுவினர். அவ்வலையின்மீது ஒட்டியிருந்த மணிகளே இன்று ரிபோசோம் எனப்படும் புரதத் தொகுப்பு உறுப்புகள். கோல்கை உறுப்பின் செய்தி இன்னும் குறிப்பிடத்தக்கது. அது வேதிப்பொருளால் விளைந்த போலித்தோற்றம் என்று 1949இல் எழுதியவர்கள் பலாடேயும் கிளாடுமே ஆவர். 1954இல் ஆல்பர்ட் டால்ட்டனும் மேரி ஃபெலிக்சும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதன் அடுக்கடுக்கான பைகளைக் காட்டியபின் அக்கருத்து நிலைக்கவில்லை. அதன் செயலை விளக்கும் சான்றைத் தந்தவரும் பின்னாளில் பலாடேயே. 1967இல் அவரும் ஜேம்ஸ் ஜேமிசனும் கினிப்பன்றியின் கணையச் சீவல்களுக்கு, புரதத்தின் கட்டுமானக் கூறுகளில் ஒன்றான லியூசினைக் கதிரியக்க வடிவில் 3 நிமிடம் ஊட்டினர். புதிதாக உருவான புரதம் முதலில் எண்டோபிளாச வலையிலும், அடுத்த 7 நிமிடங்களில் கோல்கையின் ஓரப் பைகளிலும், ஏறத்தாழ 2 மணி நேரத்தில் சுரப்புக்குக் காத்திருக்கும் மணிகளிலும் காணப்பட்டது. உறுப்புகள் தனித்தனித் துண்டுகள் அல்ல, ஒரே வேலையின் அடுத்தடுத்த கட்டங்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனை அரிது.

மற்றோர் உறுப்பு ராக்ஃபெல்லருக்கு வெளியே வெளிப்பட்டது. பெல்ஜியத்தின் லூவான் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் டி டூவ், இன்சுலின் ஆய்வினூடே ஒரு நொதியின் செயல் புதிய திசுச்சாற்றில் மங்கியும் சில நாள் குளிரில் வைத்த சாற்றில் ஓங்கியும் இருப்பதைக் கண்டு, அது சவ்வுப்பை ஒன்றில் அடைபட்டுள்ளது என்று ஊகித்தார். உயிரணுவின் கழிவுகளைச் செரிக்கும் அப்பைக்கு 1955இல் லைசோசோம் என்ற பெயர் அமைந்தது. அவரும் 1962 முதல் ராக்ஃபெல்லரில் பணியாற்றினார்.

1974ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிளாட், பலாடே, டி டூவ் ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது. ஒரு பரிசை மூவருக்குமேல் பகிர இயலாது என்ற விதி உண்டு. எனினும் முதல் படத்துக்கு உயிரணுவைப் பக்குவப்படுத்தி, சீவும் பொறியை அமைத்து, எண்டோபிளாச வலையை உலகுக்குக் காட்டிய கீத் போர்ட்டரின் பெயர் அப்பட்டியலில் இல்லாதது, இத்துறையின் வரலாற்றை எழுதுவோர் திருத்தியே தீரவேண்டிய குறையாகும்.