பம்ப்லோனாவின் காளை ஓட்டம்

ஸ்பெயினின் வடபாகத்தில், நவார்ரா பிரதேசத்தின் தலைநகராகிய பம்ப்லோனாவிலே, புனித பெர்மினின் பெயரால் ஆண்டுதோறும் நடைபெறும் உற்சவம் இன்று எவ்வளவு ஆரவாரமாகத் தோன்றினாலும், அதன் காளை ஓட்டத்துக்கு மூலகாரணம் தொழில் அவசியமே: ஊருக்கு வெளியே நின்ற காளைகளை, காளைப்போர் நடக்கும் சதுக்கத்துக்கு விடியற்காலையில் ஓட்டி வந்தபோது, கசாப்புக்காரர்களும் வாலிபர்களும் துணிந்து கூட ஓடியது காலக்கிரமத்தில் சம்பிரதாயமாயிற்று. அக்டோபரில் நடந்த விழாவை, பருவநிலை கருதி, 1591-ல் ஜூலைக்கு மாற்றினார்கள்.

ஓடுபவர்கள் வெள்ளை உடையும் கழுத்தில் சிவப்புத் துணியுமாக, சுருட்டிய செய்தித்தாளைக் கையிலேந்தி, சுவர் மாடத்திலுள்ள புனிதரின் சிறு உருவத்தை நோக்கிப் பாடிக் காவல் வேண்டுகிறார்கள். காலை 8 மணிக்கு வாணம் வெடித்ததும், பட்டி திறந்து ஆறு காளைகள் பாய்கின்றன; அரங்கம் வரை சுமார் 850 மீட்டர்; எஸ்தாபெதா தெருவுக்குத் திரும்பும் முடுக்கில் அவை சறுக்கி மரவேலியில் மோதுவதுண்டு. பெரும்பாலும் மூன்று நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அமெரிக்க எழுத்தாளர் எர்னெஸ்ட் ஹெமிங்வே 1925-ல் நண்பர்களோடு அங்கே சென்று, குடித்தும் பிணங்கியும் கழித்த நாட்களை ஆதாரமாக்கி 1926-ல் நாவல் வெளியிட்ட பிறகு, உலகமே அவ்வூருக்குத் திரண்டது. விளம்பரம் என்றால் அது அல்லவா விளம்பரம்! காலையில் ஓடிய காளைகளோ அன்று மாலையே அரங்கில் கொல்லப்படுகின்றன.