வேலை கிடைத்த இளைஞரின் கசப்பு: திருப்பூரும் 'மணல் கடிகை'யும்

1970, 80களின் தமிழ்க் கதைகளிலும் திரைப்படங்களிலும் இளைஞரின் மனக்கசப்பு என்பது பெரும்பாலும் படித்தும் வேலை கிடைக்காதவனின் கசப்பாகவே காட்டப்பட்டது. 1980இல் வெளிவந்த 'வறுமையின் நிறம் சிவப்பு' அதற்கு எல்லோரும் அறிந்த சான்று. அதே காலத்தில் திருப்பூரின் நிலை இதற்கு நேர்மாறாக இருந்தது: பள்ளிப் படிப்பு முடியும்வரைகூடப் பொறுக்காமல் வேலை இளைஞரை இழுத்துக்கொண்டது. வேலை கிடைத்தும் மிஞ்சிய இந்த வேறுவகைக் கசப்பை விரிவாகப் பதிவுசெய்தது எம். கோபாலகிருஷ்ணன் எழுதிய 'மணல் கடிகை' (2004) நாவல். பள்ளியை முடித்த ஐந்து நண்பர்கள் பனியன் தொழிலுக்குள் நுழைந்து, ஆளுக்கொரு திசையில் சிதறுவதே அதன் கதை.

1970களின் இறுதிவரை உள்நாட்டுச் சந்தைக்கான வெள்ளை உள்பனியனையே பெரிதும் நம்பியிருந்த ஊர், இத்தாலிய வணிகர்கள் வரத் தொடங்கியபின் டீ-ஷர்ட் ஏற்றுமதிக்குத் திரும்பியது. துணி பின்னுதல், சாயமேற்றல், வெட்டுதல், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என வேலை பல பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டதால், பெரிய முதல் இல்லாதவரும் நான்கு தையல் இயந்திரங்களோடு ஜாப் ஒர்க், அதாவது பிறர் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் தொழில், தொடங்க முடிந்தது. தையல்காரருக்கு அருகில் நின்று துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை அடுக்கும் உதவியாள் 'கைமடி' எனப்பட்டார்; கைமடியாக வந்த சிறுவன் டெய்லராகி, காண்ட்ராக்டராகி, ஒருநாள் முதலாளியும் ஆகலாம் என்ற நம்பிக்கை ஊரெங்கும் பரவியிருந்தது. அது வெறும் கற்பனையும் அல்ல. அப்படி உயர்ந்தவர்கள் கண்முன்னே இருந்தார்கள். இந்த நம்பிக்கையே பகல் ஷிப்டோடு நிற்காமல் இரவு ஒன்பது மணிவரை நீளும் 'ஒன்றரை ஷிப்ட்' உழைப்பையும் பொறுத்துக்கொள்ளச் செய்தது.

ஆனால் எல்லோரும் பொறுத்துக்கொள்ளவில்லை. பஞ்சப்படிக்காக, அதாவது விலைவாசி உயர்வுக்கு ஏற்பக் கூடும் படித்தொகைக்காக, 1984இல் தொழிலாளர்கள் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் உற்பத்தி சிறு பட்டறைகளிடமும் காண்ட்ராக்டர்களிடமும் மேலும் மேலும் சிதறியது. ஒரே கூரையின்கீழ் திரண்டிருந்தபோது தொழிற்சங்கத்துக்கு இருந்த வலு அந்தச் சிதறலில் குறைந்தது.

நாவல் வெளிவந்த அதே 2004இல், விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்து தொழிலாளராகிப் பின் முதலாளிகளான கவுண்டர்களைப் பற்றிய ஷரத் சாரியின் ஆய்வு நூலும் வெளிவந்தது. தங்கள் உயர்வுக்குக் காரணம் உழைப்பே என்று அவர்கள் சொல்லிக்கொள்வதன் பின்னே நிலம், சாதி, உறவு ஆகியன எவ்வாறு இயங்கின என்பதை அந்நூல் ஆராய்ந்தது. பணம் வந்தபின் நட்புக்கும் குடும்பத்துக்கும் என்ன நேர்ந்தது என்பது நாவலின் கேள்வி. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும்போதுதான் அந்தத் தலைமுறை துலங்குகிறது. தனியே படித்தால் ஆய்வு நூலில் கசப்பின் சுவை தெரிவதில்லை, நாவலில் அதன் பொருளியல் வேர் முழுதாகப் பிடிபடுவதில்லை.

அந்த வளர்ச்சியின் கணக்கில், ஊரின் சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆறும் சேரும். அந்தக் கழிவைப் பற்றிய சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' நாவல் 1998இலேயே வந்துவிட்டது. சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதோ 2011 ஜனவரியில்தான். ஒருகாலத்தில் உள்ளூர் இளைஞரை இழுத்துக்கொண்ட பனியன் கம்பெனிகளின் தையல் வரிசைகளில் இன்று பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து ரயிலேறி வந்த இளைஞர்கள் பெருமளவில் வேலை செய்கின்றனர்.