இந்தோர்: குப்பையிலிருந்து எருவும் எரிவாயுவும்

நகரக் குப்பையில் மக்கும் பகுதியை நுண்ணுயிர்களிடம் ஒப்படைத்து எருவாகவோ எரிவாயுவாகவோ மாற்றுவது உயிரியல் பதப்படுத்தல். இந்தத் துறையின் வரலாற்றில் மத்தியப் பிரதேசத்தின் இந்தோர் நகரத்துக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று 1920களின் எருக்குழி, மற்றொன்று 2022இல் திறக்கப்பட்ட எரிவாயு ஆலை.

ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆல்பர்ட் ஹோவர்ட் 1924 முதல் 1931 வரை இந்தோரில் பயிர் ஆய்வு நிலையம் ஒன்றை நடத்தினார். சாணத்தில் பெரும்பகுதி வறட்டியாகி அடுப்புக்குப் போய்விட, நிலத்துக்கு எரு போதவில்லை. பருத்திமார், களை, சருகு, சாணம், மாட்டுமூத்திரம் ஊறிய மண், சாம்பல் எல்லாவற்றையும் ஆழமில்லாத குழியில் அடுக்கி, நீர் தெளித்து, மூன்று முறை புரட்டிப் போட்டால் மூன்று மாதத்தில் எரு ஆகிவிடும் என்று அவர் காட்டினார். யஷ்வந்த் வாட் என்ற உடன் பணியாளரோடு சேர்ந்து 1931இல் இதை நூலாக எழுதினார். சீன உழவர்களின் நெடுநாள் பழக்கமே அவருக்கு முன்மாதிரி. எருக்குழியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது. ஹோவர்ட் சேர்த்தது அளவும் நாள் கணக்கும்தான். ஆனால் வேறோர் ஊரில் வேறொருவர் அப்படியே செய்து பார்க்க முடிந்தது அந்தக் கணக்கால்தான். 1939இல் சி. என். ஆச்சார்யா வகுத்த பெங்களூர் முறையில் நகரக் குப்பையையும் மலக்கழிவையும் குழியில் அடுக்கி மண்ணால் மூடிவிடுவார்கள். புரட்டும் வேலை இல்லாததால் கூலி குறைவு, ஆனால் காத்திருக்க வேண்டிய மாதங்கள் அதிகம்.

குவியலைப் புரட்டுவது காற்றுக்காக. காற்று கிடைத்தால் பாக்டீரியாக்கள் விரைந்து பெருகி, அவற்றின் சூட்டில் குவியலின் நடுப்பகுதி 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை போகும். சில நாள் அந்தச் சூட்டில் இருந்தால் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் மடியும். கரிமமும் நைட்ரஜனும் ஏறத்தாழ 30:1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும், ஈரம் பாதிக்குச் சற்று மேல். காய்கறிக் கழிவு மட்டும் இருந்தால் அழுகி நாறும். சருகும் வைக்கோலும் கலந்தால் சரியாகும். சூடு தணிந்த பிறகு வரும் ஆக்டினோமைசீட்டுகளே நன்கு மக்கிய எருவுக்கு அந்த மண்வாசனையைத் தருகின்றன.

காற்றை அடைத்துவிட்டால் வேறு கூட்டம் வேலைக்கு வருகிறது. ஒரு வகை பாக்டீரியா கழிவைக் கரைக்கிறது, இன்னொன்று அமிலமாக்குகிறது, கடைசியில் மீத்தேன் ஆக்கும் நுண்ணுயிர்கள் அதை வாயுவாக்குகின்றன. இந்த வாயுவில் பாதிக்கு மேல் மீத்தேன், மிச்சம் பெரும்பாலும் கரியமில வாயு. குப்பைமேட்டின் உள்ளேயும் இதே மீத்தேன்தான் உருவாகிறது. அங்கே அது வானில் கலந்து புவியைச் சூடாக்குகிறது, மேடு தீப்பிடித்தால் எரிகிறது. தொட்டியில் அடைத்தால் அதுவே எரிபொருள்.

2022 பிப்ரவரியில் இந்தோரில் திறக்கப்பட்ட ஆலை நாளொன்றுக்கு 550 டன் ஈரக் கழிவைக் கையாளும் திறன் கொண்டது. வாயுவைத் தூய்மையாக்கி அழுத்தி, நாளொன்றுக்கு ஏறத்தாழ 17,000 கிலோ வாகன எரிவாயுவும், எஞ்சிய சக்கையிலிருந்து 100 டன் எருவும் எடுப்பது திட்டம். எரிவாயுவில் ஒரு பங்கு நகரப் பேருந்துகளுக்கு.

இந்த அளவு சாத்தியமானதற்குக் காரணம் ஆலையின் இயந்திரங்கள் மட்டும் அல்ல. வீட்டு வாசலிலேயே ஈரக் குப்பையைத் தனியாக வாங்கும் வண்டிகளும், அவற்றோடு நாள்தோறும் வரும் தூய்மைப் பணியாளர்களும் முதல் காரணம். 1970களின் பிற்பகுதியில் இந்தியாவின் பல பெருநகரங்களில் நாளொன்றுக்கு 150 முதல் 300 டன் வரை கலப்புக் குப்பையை வாங்கிக்கொள்ளும் உர ஆலைகள் நிறுவப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை மூடப்பட்டன. கண்ணாடிச் சில்லும் பிளாஸ்டிக்கும் கலந்த எருவை எந்த உழவரும் வயலில் கொட்ட மாட்டார், வெறுங்காலோடு நடக்கிற இடம் அது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் குப்பையை வீட்டிலேயே பிரித்துத் தருவதைக் கட்டாயமாக்கின.

சல்லடை சில்லைப் பிரிக்கும், உலோகத்தைப் பிரிக்காது. உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகரக் குப்பை எருவில் கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராமையும் காட்மியம் 5 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. பேட்டரியும் மின்னணுச் சாமான்களும் காய்கறித் தோலோடு ஒரே வாளியில் விழுந்தால், அவற்றிலிருந்து கசியும் ஈயத்தை எந்த நுண்ணுயிரும் மக்கச் செய்யாது. எருவோடு அது வயலுக்கே போகும்.