கம்ப்யூட்டர் (சொல் வரலாறு)

கம்ப்யூட்டர் என்ற ஆங்கிலச் சொல் இன்று மின்னணுக் கணிப்பொறியைக் குறிக்கிறது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அது கணக்குப் போடும் ஆளின் பெயராகவே வழங்கியது.

சொற்பிறப்பு

இலத்தீனில் ‘கம்ப்யுட்டாரே’ என்றால் கணக்கிடுதல். ‘சேர்த்து’ எனப் பொருள்படும் முன்னொட்டும் ‘எண்ணிப் பார்த்தல்’ எனப் பொருள்படும் ‘புட்டாரே’ என்ற வினையும் இணைந்து உருவானது அது. செய்பவரைக் குறிக்கும் ஆங்கில விகுதி பின்னர் அதனுடன் சேர்ந்தது. ரிச்சர்ட் பிராத்வெயிட் 1613இல் வெளியிட்ட நூலில் உள்ளதே இச்சொல்லின் மிகப் பழைய ஆட்சியாகக் காட்டப்படுகிறது.

தொழிற்பெயர்

வானியலும் நில அளவையும் வளர்ந்தபோது இது ஒரு வேலையின் பெயராயிற்று. இங்கிலாந்தில் வானியலாளர் நெவில் மாஸ்கலின் 1767ஆம் ஆண்டுக்கெனத் தொடங்கிய கடற்பயணப் பஞ்சாங்கத்துக்கு, பல ஊர்களிலிருந்த கம்ப்யூட்டர்கள் வீட்டிலிருந்தே நிலவின் இருப்பிடங்களைக் கணித்து அனுப்பினர். பிழையைத் தவிர்க்க ஒரே கணக்கை இருவர் தனித்தனியே போட்டனர். மூன்றாமவர் ஒப்பிட்டுப் பார்த்தார்.

1802இல் சென்னையில் அடிக்கோடு அளந்து தொடங்கிய இந்தியப் பெரும் முக்கோண அளவையிலும் இப்பதவி இருந்தது. வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தார் 1831இல் அதில் கம்ப்யூட்டராகச் சேர்ந்து, பின்னர் தலைமைக் கம்ப்யூட்டர் ஆனார். எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 29,002 அடி என 1856இல் அறிவிக்கப்பட்டதன் பின்னணியில் அவருடைய கணக்குகள் உண்டு.

அமெரிக்காவில் இவ்வேலை பெரும்பாலும் பெண்களிடம் வந்தது. குறைந்த கூலியும் அதற்கொரு காரணம். ஹார்வர்டு வானாய்வகத்தில் கம்ப்யூட்டராகப் பணியாற்றிய ஹென்ரியெட்டா லெவிட், சிலவகை விண்மீன்களின் ஒளி மாறும் கால அளவுக்கும் அவற்றின் பிரகாசத்துக்கும் உள்ள தொடர்பை 1912இல் நிறுவினார். விண்வெளித் தொலைவுகளை அளக்க அது அடிப்படையாயிற்று.

பொருள் மாற்றம்

கணக்கிடும் கருவிகளையும் இப்பெயரால் அழைப்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. ஆனாலும் கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1936இல் எழுதிய ஆய்வுரையில் கம்ப்யூட்டர் என்பது தாளில் கணக்கிடும் மனிதரே. 1946இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அறிமுகமான எனியாக் பொறியின் முழுப்பெயர் கம்ப்யூட்டர் என்றே முடிந்தது. அதற்கு நிரலமைத்த ஆறு பெண்களும் முன்பு பீரங்கிக் குண்டுகளின் பாதையைக் கணக்கிட்டுவந்த கம்ப்யூட்டர்கள்.

சிறிது காலம் இரு பொருளும் அருகருகே நின்றன. 1962இல் அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியைச் சுற்றிவரப் புறப்படுமுன், பொறி தந்த எண்களை நாசாவின் கேத்தரின் ஜான்சன் தம் கையால் சரிபார்க்க வேண்டுமெனக் கேட்டார். அடுத்த சில ஆண்டுகளில் கம்ப்யூட்டர் என்ற பதவி மறைந்தது. இன்று பழைய பொருளைச் சொல்ல ‘மனிதக் கம்ப்யூட்டர்’ என்று அடைமொழி சேர்க்க வேண்டியுள்ளது.