அறுந்த காதும் அறுபட்ட மூக்கும்

தண்டட்டியும் பாம்படமும் அணிந்த நம் பாட்டிமார் பலருக்குக் காது தோளளவு தொங்கியதையும், பாரம் தாங்காது சிலருக்கு அறுந்தே போனதையும் நம் குடும்பங்கள் அறியும். அறுந்த காதை ஒட்டும் வித்தையைச் சுசுருதர் தம் சங்கிதையில் 15 வகையாக விரித்துரைத்துள்ளார். விளிம்புகளைக் கீறிப் பொருத்தித் தேனும் நெய்யும் தடவிப் பஞ்சால் மூடி, இறுக்கமும் நெகிழ்ச்சியுமின்றி நூலால் கட்டி, ஓட்டுப்பொடி தூவ வேண்டும் என்பார். காதுச்சோணையே இல்லாதார்க்குக் கன்னத்துத் தசையை ஒருபுறம் ஒட்டியபடியே விட்டு அரிந்து பொருத்தச் சொல்கிறார். சூட்சுமம் முழுவதும் அந்த ஒட்டுதலில்தான் இருக்கிறது. குருதியோட்டம் அறாத தோல் புதிய இடத்திலும் உயிர் வாழும்.

இவ்வித்தையை மேல்நாட்டார் அறிய வழி செய்தது நாம் குடியேறி வாழும் இக்கன்னட நாட்டில் நடந்த போரே. 1791 மார்ச்சில் பெங்களூர்க் கோட்டை கார்ன்வாலிஸ் வசமாயிற்று. 1792 வரை நீடித்த அப்போரில் ஆங்கிலப் படையின் மாடோட்டியான காவாஸ்ஜி என்னும் மராட்டியர் திப்புவின் படையினரிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். (மூக்கறுத்தல் அதற்கு முன்பும் உண்டு. திருமலை நாயக்கர் காலத்து மைசூர்ப் படையெடுப்பை மூக்கறுப்புப் போர் என்றே நம்மவர் வழங்குவர்.)

ஏறத்தாழ ஓராண்டு மூக்கின்றி வாழ்ந்தவருக்குப் பூனா அருகே செங்கல் அறுக்கும் குலத்தவர் ஒருவர் புதுமூக்குச் செய்தார். மெழுகுத் தகட்டால் மூக்களவு எடுத்து, அதை நெற்றியில் விரித்துக் கோடு வரைந்து, புருவங்களின் நடுவே மட்டும் ஒட்டு விட்டுத் தோலை உரித்து, திருப்பிக் கீழிறக்கிப் பழைய வடுவைக் கீறிப் பொருத்தினார். தையல் இல்லை, காசுக்கட்டி தடவிய துணிதான்! நான்கு நாள் கழித்து நெய்த்துணி வைத்தார். ஏறத்தாழ 25-ஆம் நாளில் ஒட்டை அறுத்தார்.

இதனைக் குரூசோ, பிண்ட்லே என்னும் ஆங்கில மருத்துவர் இருவர் கண்டனர். 1794 அக்டோபரில் லண்டன் ‘ஜென்டில்மேன்ஸ் மேகஸின்’ படத்துடன் வெளியிட்டது. அதுகண்ட கார்ப்யூ 1814-இல் லண்டனில் இம்முறையைச் செய்து, 1816-இல் நூலாக்கினார்.

முழுக்காதை ஆக்குவது மூக்கினும் கடினம். மடிப்பும் குழிவும் நிலைக்க உள்ளே சட்டம் வேண்டுமல்லவா? அமெரிக்க மருத்துவர் டான்சர் 1959-இல் வெளியிட்ட முறையில், நோயாளியின் விலாக் குருத்தெலும்பைக் காது வடிவாகச் செதுக்கித் தோலின்கீழ் வைப்பர். பின்னர் மடலைத் தூக்கி நிறுத்துவர்.

இத்தனை பெயரும் நமக்குக் கிடைக்கின்றன. நோயாளி பெயரும், வேடிக்கை பார்த்தவர் பெயரும்கூட அச்சேறின. கத்தி பிடித்தவரை மட்டும் அவர் குலத்தாலன்றி வேறு வகையில் அப்பத்திரிகை குறிக்கவில்லை.