ஜோங்காவும் உள்ளங்கை அளவுப் பச்சையும்

ஜபல்பூருக்கு மாற்றலாகி வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரர் 'ஜோங்கா' என்றதும், ஏதோ காட்டு மிருகம் என்றுதான் நினைத்தேன்! அது ராணுவ வண்டி. 'ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன் கேரேஜ் அசெம்ப்ளி' என்பதன் சுருக்கம். நிஸ்ஸான் பேட்ரோலை உரிமம் பெற்று, இங்குள்ள வாகனத் தொழிற்சாலையில் 1999 வரை செய்தார்கள். ஆறு சிலிண்டர், 3956 சிசி பெட்ரோல் இன்ஜின்.

போன வருடம் ஒன்றை வாங்கிவிட்டேன். எனக்கு ஸ்பேனர்கூடப் பிடிக்கத் தெரியாது. ஏலத்தில் போன பல ஜோங்காக்களில், பெட்ரோல் கட்டுபடியாகாமல் டீசல் இன்ஜின் ஏற்றிவிட்டார்கள். என்னுடையதும் அப்படியே.

முதல் நாளே எல்லாவற்றையும் கழற்றப் போனேன். மிஸ்திரி தடுத்தார். "முதலில் போட்டோ எடுங்க. சேஸிஸ் எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுங்க. கழற்றும் போல்ட்டைப் பெயர் எழுதிப் பையில் போடுங்க. பிரேக் முதலில், பெயின்ட் கடைசியில்."

கதவைச் சுரண்டினால் வெள்ளைக்குக் கீழே நீலம், அதற்கும் கீழே ஆலிவ் பச்சை. "அந்தக் கலரே அடிக்கலாம்பா" என்றாள் மகள். முடியாது. 1989ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆம் விதி, அந்த நிறத்தை ராணுவத்துக்கே ஒதுக்கியிருக்கிறது. கதவின் உட்புறம் உள்ளங்கை அளவு பழைய பச்சையை மட்டும் அப்படியே விடப்போகிறேன்.

பழைய பெட்ரோல் இன்ஜினைத் தேடுவதா என்று வீட்டில் பஞ்சாயத்து. "டீசலும் இந்த வண்டி பிழைத்த கதைதானே?" என்கிறாள் மனைவி. பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்களேன்.